வீடு பார்க்க வருபவர் வழுக்கி விழலாமா?

உங்கள் வீட்டை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார். மூன்றே முக்காலுக்கு அம்மா தரையைத் துடைக்கச் சொல்கிறார். ஆபத்து அங்கேதான்!

பாதத்துக்கும் டைல்ஸுக்கும் இடையிலுள்ள உராய்வு விசைதான் நம்மை வழுக்காமல் நடக்க வைக்கிறது. நடுவே மெல்லிய நீர்ப்படலம் புகுந்தால் உராய்வு குறைந்துவிடும். சோப்பு நீர் என்றால் இன்னும் மோசம். நம் ஊரில் காலணியை வாசலிலேயே கழற்றிவிடுவோம். வேலையிடத்திலிருந்து நேராக வருபவர் காலுறையோடு நுழைவார். வழுவழுப்பான டைல்ஸில் காலுறை, தரை காய்ந்திருந்தாலும் சறுக்கும்.

ஆகவே 2 மணிக்கே துடைத்துவிடுங்கள். சோப்பு போக, சுத்தமான நீரால் மறுபடி துடையுங்கள். நம் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். தரை மெதுவாகத்தான் காயும். மின்விசிறியைப் போட்டால், தரையை ஒட்டித் தேங்கும் ஈரக்காற்று விலகி, நீர் விரைவாக ஆவியாகும்.

அடுத்தது கண். வெயிலிலிருந்து உள்ளே வருபவரின் கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால், மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் உயிரணுக்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் அவர் வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பியே விடுவார்! பல தரை வீடுகளில் பின்பக்கச் சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். உங்கள் கால்களுக்கு அந்தப் படி மனப்பாடம். வந்தவருக்கோ அங்கே படி இருப்பதே தெரியாது. அவர் வருமுன்பே அங்கு விளக்கைப் போட்டுவிடுங்கள். தரை வெள்ளை என்றால், படியின் விளிம்பில் கறுப்பு ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவையுங்கள்.