ஸ்கான் படிப்பு: பணம் கட்டுமுன் அறியவேண்டியவை

"மகளை ஸ்கான் படிக்க விட்டால் வேலை கிடைக்குமா, சுவாமி?" கிராமங்களில் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. நகையை ஈடுவைத்துக் குறுகியகாலச் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டியபின் கேட்பவர்களும் உளர். ஆகவே விடயத்தைத் தெளிவாகக் கூறுவது எமது கடமையாகும்.

முதலில் ஸ்கான் என்பது யாது? துடுப்பின் ஒரு முனையை வாவி நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன் பாடுவதைக் கேட்பது எமக்குப் பழக்கமானதே. நீரினூடாக ஒலி நன்கு செல்லும். எமது உடலிலும் பெரும்பகுதி நீரே. 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட, காதுக்குக் கேளாத ஒலியை உடலினுள் செலுத்தி, உறுப்புகளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கருவி படமாக்குகிறது. எக்ஸ்றேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. அதனாற்றான் கர்ப்பிணிகளுக்கு இது பயன்படுகிறது.

பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஸ்கான் எடுப்பது தனியொரு தொழில். எமது நாட்டிலோ ஸ்கான் செய்து அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் வைத்தியர்களே. எனவே குறுகியகாலச் சான்றிதழை மட்டும் நம்பி அரச வைத்தியசாலையில் இப்பணியை எதிர்பார்க்க முடியாது.

அப்படியாயின் வழி என்ன? எக்ஸ்றே, சீ.ரி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுக்கும் றேடியோகிராபர் தொழில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இதற்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு உள்ளது. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெறும். தொழில்புரிய இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு அவசியம். பிரித்தானியாவில் இவ்வாறு றேடியோகிராபராகப் பயின்றவர்களே பெரும்பாலும் மேற்படிப்பாக ஸ்கான் கற்கின்றனர்.

ஆகவே எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இச்சான்றிதழைக் கொண்டு மருத்துவச் சபையிற் பதிவு பெறலாமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. படுவான்கரைப் பிள்ளைகள் பலர் உயர்தர விஞ்ஞானம் கற்க வாவியைக் கடந்து வரவேண்டியுள்ளது. தங்க இடமின்றிக் கலைப்பிரிவுக்குத் திரும்புவோர் பலர். வகுப்புக் கட்டணத்துக்காக ஈடுவைக்கும் நகையை, சாதாரண தரம் முடித்த பிள்ளையின் விடுதிச் செலவுக்கும் ஆங்கிலக் கல்விக்கும் பயன்படுத்துவது மேல். ஒவ்வொரு பங்கும் இரு பிள்ளைகளுக்கேனும் தங்குமிடம் ஒழுங்குசெய்தால், அதுவே நல்ல தொடக்கமாகும்.