குட்டிப் பயலுக்கு வண்டி வாங்கப் போறீங்களா?

"வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே வாங்கிடலாம்" என்பார் வீட்டுக்காரர். சட்டைக்கு அது சரி. ஏறி ஓட்டும் வண்டிக்குச் சரிப்படாது! குழந்தையையும் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துப் பாருங்கள். காலால் உந்தும் வண்டி என்றால் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியணும். அப்போதுதான் தானே நிறுத்த முடியும். மூணு சக்கர சைக்கிள் என்றால் பெடல் கீழே போகும்போதும் கால் எட்டணும்.

அடுத்து, வண்டியைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இருக்கை தாழ்வாக, சக்கரங்கள் அகலமாக இருந்தால் சட்டென்று குடை சாயாது. கூரான விளிம்போ, விரல் சிக்கும் இடுக்கோ இருக்கான்னு கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் (சில கைவினைப் பொம்மைகளுக்கு மட்டும் விலக்கு). முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள்.

பாட்டு, விளக்கு என்று மயங்க வேண்டாம். பின்னால் கரடி பொம்மையை ஏற்றிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி இருந்தால் போதும், குழந்தை பொழுது போவதே தெரியாமல் ஓட்டும்.

பெண் குழந்தைக்கு நீளப் பாவாடை வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். மாடிப்படி, அடுப்படி, தெருவாசல் சரிவு இந்த மூன்று பக்கமும் வண்டி போகவே கூடாது. கதவைச் சாத்திவிட்டு, நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.