இலை, ஆப்பிள், பரங்கிக்காய்: ஒரு கிறித்தவ முதல் வகுப்பின் இலையுதிர் காலம்

அமெரிக்காவின் வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் கல்வியாண்டின் முதல் பருவமும் இலையுதிர் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. ஆகஸ்டு மாதப் பிற்பகுதியிலோ, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்துக்குப் பிறகோ பள்ளிகள் திறக்கின்றன. செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் நாள் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகி இலையுதிர் காலம் பிறக்கிறது. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையான நன்றியறிதல் நாளுக்குள் மேப்பிள் போன்ற மரங்களில் பெரும்பாலானவை இலையை முற்றும் உதிர்த்துவிடுகின்றன. ஆறு வயதில் முதல் வகுப்பில் சேரும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பத்துப் பத்தாக எண்ணவும் பழகுவது இந்த மூன்று மாதங்களில்தான் என்பதால், ஜன்னலுக்கு வெளியே நிறம் மாறும் மரத்தையே ஆசிரியர்கள் பாடப்பொருளாக எடுத்துக்கொள்வது இயல்பாகவே நிகழ்கிறது.

இதே பாடம் கிறித்தவப் பள்ளியில் வேறொரு பொறுப்பையும் சுமக்கிறது. 1962-இலும் 1963-இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளின்படி, அரசுப் பள்ளிகள் தாமே முன்னின்று ஜெபம் நடத்துவதும் வழிபாடாக வேதம் வாசிப்பதும் அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு முரணானவை. தனியார் நடத்தும் கத்தோலிக்க, லுத்தரன், சுவிசேஷத் திருச்சபைப் பள்ளிகளுக்கு இந்தத் தடை இல்லை. அங்கே காலை ஜெபமும், வாரம் ஒரு மனப்பாட வசனமும், வேதபாடமும் கணக்கையும் வாசிப்பையும் போலவே கால அட்டவணையில் இடம்பெறுகின்றன. எனவே, இயற்கையைப் படைப்பாகவும் அறுவடையைக் கொடையாகவும் காணக் குழந்தைக்குக் கற்றுத்தருவது அங்கே ஆசிரியரின் வெளிப்படையான கடமையாகிறது. அந்தக் கடமை சரியாக நிறைவேறுகிறதா என்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சார்ந்தது: குழந்தை முதலில் பொருளை உள்ளபடி பார்க்கிறதா, அல்லது பொருள் கைக்கு வருமுன்பே அதன் கருத்து ஊட்டப்படுகிறதா?

இலையிலிருந்தே தொடங்கலாம். குழந்தைகள் பள்ளி வளாகத்தைச் சுற்றி நடந்து காகிதப் பைகளில் இலைகளைச் சேகரிக்கின்றனர்; வகுப்புக்குத் திரும்பியதும் நிறம், விளிம்பு, அளவு என்று பிரித்து அடுக்கி, எந்தக் குவியலில் எத்தனை இலைகள் உள்ளன என்பதைக் கோடு போட்டு எண்ணிப் பட்டை வரைபடமாக வரைகின்றனர். இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கைவாக்கில் தேய்த்தால் நரம்புகளின் பின்னல் தாளில் எழுந்து வருகிறது. நிறம் ஏன் மாறுகிறது என்பதை விளக்கச் செய்யப்படும் சோதனையோ இவை அனைத்தையும்விடச் சிறந்தது. பச்சை இலைகளைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கண்ணாடிக் குவளையிலிட்டு, அவை மூழ்கும் அளவுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலை ஆசிரியரே ஊற்றி நசுக்கி, குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவைக்கிறார். சாறு நன்கு இறங்கியதும் காபி வடிகட்டும் தாளிலிருந்து வெட்டிய ஒரு பட்டையின் நுனி அதில் தோயுமாறு தொங்கவிடப்படுகிறது. ஈரம் தாளில் மெல்ல மேலேற, பச்சை ஒரு பட்டையாகவும் அதிலிருந்து விலகி மஞ்சள் இன்னொரு பட்டையாகவும் பிரிந்து நிற்கின்றன. கோடையிலும் அந்த இலைக்குள் மஞ்சள் இருந்தே வந்தது என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே காண்கிறது.

அதன் பின்னுள்ள காரணம் முதல் வகுப்புக்கும் எட்டக்கூடியதே. சூரிய ஒளியைக் கொண்டு மரத்துக்கு உணவு தயாரிக்கும் பச்சையம் என்னும் நிறமி, பகல் குறுகி இரவு நீளத் தொடங்கியதும் புதிதாக உண்டாகாமல் சிதைந்துபோகிறது. அதனால், இலையில் முன்பே இருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளித் தெரிகின்றன. சில மேப்பிள், ஓக் மரங்களில் காணும் சிவப்பின் கதை வேறு: இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் நிறமி அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. பின்னர் காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் வளர்ந்து, இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகிறது. இவ்வளவையும் பார்த்த பிறகு, ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றையோ, நீரோடையருகே நடப்பட்டு இலை உதிராது நிற்கும் மரத்தைப் பேசும் முதலாம் சங்கீதத்தையோ ஆசிரியர் வாசிக்கும்போது, இலை உதிரும் மேப்பிளையும் உதிராத பைனையும் தொட்டுப் பார்த்த குழந்தைக்கு அந்த உருவகம் வெறும் சொல்லாக இருப்பதில்லை.

செப்டம்பர் இறுதியில் ஆப்பிள் வாரம் வருகிறது. காம்பிலிருந்து கீழாக வெட்டாமல் குறுக்காக வெட்டிய ஆப்பிளின் நடுவே ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். அது விதைகள் தங்கும் ஐந்து அறைகளின் குறுக்குவெட்டுத் தோற்றம். வெட்டிய துண்டுகளில் ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாறு பூசி மற்றொன்றை அப்படியே விட்டால், பூசாத துண்டு காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் பழுப்பாகிறது. இவற்றோடு ஜானி ஆப்பிள்சீட் என்று நாடறிந்த ஜான் சாப்மனின் கதையும் சொல்லப்படுகிறது. 1774-இல் மாசசூசெட்ஸில் பிறந்து 1845-இல் இறந்த அவர், பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா பகுதிகளில் ஆப்பிள் நாற்றங்கால்களை அமைத்ததோடு, ஸ்வீடன் நாட்டு இறையியல் சிந்தனையாளர் எமானுவேல் ஸ்வீடன்போர்க்கின் போதனைகளையும் பரப்பியவர் என்பதால் கிறித்தவ வகுப்புகளில் அவருக்குத் தனி இடம் உண்டு. கண்ட இடமெல்லாம் விதையை வீசிச் சென்ற நாடோடியாக அவரைச் சித்திரிக்கும் வழக்கத்தைவிட, வேலியிட்ட நாற்றங்கால்களை வளர்த்து மரக்கன்றுகளை விற்றவர் என்ற வரலாறே சுவையானது. விதையிலிருந்து முளைக்கும் ஆப்பிள் தாய்மரத்தின் கனியை ஒத்திருப்பதில்லை என்பதால், அவர் வளர்த்த மரங்களின் கனிகள் பெரும்பாலும் சைடர் என்னும் ஆப்பிள் மதுவுக்கே பயன்பட்டன. ஆறு வயதுக் குழந்தைக்கு மதுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாற்றங்காலைப் பற்றிச் சொன்னால் போதும்.

அக்டோபர் பரங்கிக்காயின் மாதம். பெரிய பரங்கிக்காய் நீரில் மூழ்குமா, மிதக்குமா என்று கேட்டால் அதன் எடையைக் கண்டு மூழ்கும் என்றே பல குழந்தைகள் சொல்வர். உள்ளே காற்று நிறைந்த குழிவு இருப்பதால் அது மிதக்கிறது. நூலால் அதன் சுற்றளவை அளப்பதும், விதைகளைக் கழுவி உலர்த்திப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவதும் இடமதிப்பு என்னும் கருத்துக்குக் கண்முன் நிற்கும் சான்றாகின்றன. அதே மாதத்தின் 31-ஆம் நாளில் வரும் ஹாலோவீன், பேய் வேடமும் மண்டையோட்டுப் படங்களும் கொண்டது என்பதால் பல கிறித்தவப் பள்ளிகள் அதைத் தவிர்த்து அறுவடை விழா நடத்துகின்றன. 1517-ஆம் ஆண்டின் அதே நாளில் மார்ட்டின் லுத்தர் தமது 95 கருத்துரைகளை வெளியிட்டதை லுத்தரன் பள்ளிகள் சீர்திருத்த நாளாகக் கொண்டாடுகின்றன. கத்தோலிக்கப் பள்ளிகளில் மறுநாள் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்குக் குழந்தைகள் புனிதர்களாக வேடமிட்டு வருவதுண்டு. பரங்கிக்காயைக் குடைந்து அழுக்கை நீக்கி உள்ளே விளக்கேற்றுவதை, இறைவன் மனிதனைத் தூய்மையாக்குவதற்கு உவமையாகச் சொல்லும் வழக்கமும் பரவலாக உள்ளது. கேட்க இனிமையான உவமைதான். ஆனால் நாருக்கும் விதைக்கும் பாவம் என்று பெயரிட்டு எறியச் சொல்லிவிட்டு, அடுத்த மணியில் அதே விதைகளை அடுத்த ஆண்டு விளைச்சலின் தொடக்கம் என்று கற்பித்தால் குழந்தை குழம்புகிறது. விதை எறியத்தக்கதன்று என்பதே இயற்கையின் பாடமும் வேதத்தின் விதைப்பு உவமைகளின் பாடமும் ஆகும்.

அறுவடையை ஒட்டிய வேதபாடங்களில் ரூத்தின் வரலாறே மிகப் பொருத்தமானது. வயலின் ஓரங்களை முற்றும் அறுக்காமலும் சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற லேவியராகமக் கட்டளையினால்தான், மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண்ணான ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்க முடிந்தது. இந்தக் கதையோடு, தேவைப்படும் குடும்பங்களுக்காக உணவு டப்பாக்களைச் சேகரித்து, வகைவாரியாக எண்ணிக் கட்டும் பணியும் பல வகுப்புகளில் நடக்கிறது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் அறுப்பின் பண்டிகையில் விளைபொருள்களைப் படைத்து ஏலம் விடுவதைக் கண்டவர்களுக்கு இதன் உணர்வு புதிதன்று.

நவம்பரில் கவனம் நன்றியறிதல் நாளின் பக்கம் திரும்புகிறது. தாளில் வெட்டிய இலைகளில் ஒவ்வொரு குழந்தையும் தான் நன்றி சொல்ல விரும்பும் ஒன்றை எழுதி, சுவரிலுள்ள காகித மரத்தில் ஒட்டுகிறது. எழுத்துப் பயிற்சியும் ஜெபமும் இங்கே ஒன்றாகின்றன. இந்த நாளின் வரலாறோ பல காலம் குறையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 ஆங்கிலேயக் குடியேறிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. எஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்த பூர்வகுடி மனிதர் டிஸ்குவாண்டம், 1614-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். அவர் ஊர் திரும்பியபோது, பட்டுக்ஸெட் என்னும் அவருடைய ஊர் கொள்ளைநோயால் ஆளற்றுக் கிடந்தது. அந்த இடத்திலேதான் பிளிமத் குடியேற்றம் எழுந்தது. இந்த நாளின் தொடக்கமாகக் கருதப்படும் 1621-இன் அறுவடை விருந்துக்கு, வாம்பனோவாக் என்னும் பூர்வகுடி இனத்தின் தலைவர் மாசசாய்ட்டுடன் ஏறத்தாழ 90 பேர் வந்து மூன்று நாள் தங்கினர். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தவர்களும் அவர்களே. அந்த நட்பு அடுத்த தலைமுறையில் போராக முறிந்ததை நினைவுகூர்ந்து, பூர்வகுடியினரில் பலர் 1970 முதல் இதே நாளைத் துக்க நாளாகப் பிளிமத்தில் கடைப்பிடிக்கின்றனர்.

வகுப்பில் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் காகித இறகு மகுடம் வாம்பனோவாக் மக்களுடையது அன்று. அது நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழ்ந்த வேறு இனத்தாரின் வழக்கம். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கக் கற்பிக்கும் பள்ளி, வரலாற்றிலும் அந்தக் கட்டளைக்கு உட்பட்டதே. முதல் வகுப்பில் போரை விவரிக்க வேண்டியதில்லை. டிஸ்குவாண்டத்தின் பெயரைச் சரியாகச் சொல்லவும், விதைத்த நிலம் யாருடைய ஊராக இருந்தது என்று அறியவும் ஆறு வயது போதுமானது. அந்த மகுடத்தை விடுத்து அவ்வளவையும் சொல்லித் தரும் ஆசிரியரே நன்றியறிதல் பாடத்தை முறையாக நடத்தியவர்.