உஷார்! யென் சரியும்போது சம்பளச் சீட்டு வாய் திறக்காது

ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள், வேலைக்குக் கிளம்பப் போகிறவர்கள், "யென் விழுந்து கிடக்கு, இப்பவே ஒரு எட்டு டோக்கியோ பார்த்துட்டு வந்துடலாம்" என்று டிக்கெட் தேடிக்கொண்டிருப்பவர்கள் மூன்று தரப்பும் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் கணக்கு அநேகமாகப் பழைய கணக்கு.

2020இல் ஒரு யென் ஏறத்தாழ 69 பைசா. 2024 ஜூலையில் அதே யென் 52 பைசாவுக்கும் கீழே இறங்கியது. நான்கே வருடத்தில் கால்வாசி காணாமல் போய்விட்டது. இதில் கொடுமை என்னவென்றால், எந்த முதலாளியும் யாருடைய சம்பளத்திலும் கை வைக்கவில்லை. சம்பளச் சீட்டில் அதே எண்தான், சில இடங்களில் கொஞ்சம் கூடக்கூடச் செய்திருந்தது. குறைந்தது ஊரில் வந்து இறங்கும் தொகை மட்டும்.

சென்னையில் ஃபிளாட் வாங்கிவிட்டு, மாதம் 50 ஆயிரம் ரூபாய் இ.எம்.ஐ. கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 ரேட்டில் அவர் அதற்காக ஒதுக்க வேண்டியிருந்தது 72 ஆயிரத்துச் சொச்சம் யென். 2024 ஜூலை ரேட்டில் 96 ஆயிரம் யென்னுக்கும் மேல். வங்கி வட்டியை ஏற்றவில்லை, இவர் புதுக்கடன் வாங்கவில்லை. ஆனாலும் மாதம் 24 ஆயிரம் யென் கூடுதலாகப் போகிறது. பிள்ளையின் பள்ளி, மளிகை, ரயில் பாஸ் என்று எங்கிருந்தாவது அதைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கும் இதே கதிதான். "என்னப்பா, போன வருஷத்தைவிடக் கம்மியா வந்திருக்கு?" என்று ஊரில் இருந்து கேள்வி வரும். அனுப்பியவர் அதே அளவுதான் அனுப்பியிருப்பார்.

ஏன் இப்படி ஆனது? ஜப்பான் வங்கி 2016இல் வட்டியைச் சுழியத்துக்கும் கீழே கொண்டுபோனது. அந்த மைனஸ் வட்டியை விட்டு வெளியே வந்தது 2024 மார்ச்சில்தான். இடையில் அமெரிக்க மத்திய வங்கி, 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள், சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டியை 5.25 - 5.50 சதவீதத்துக்குத் தூக்கிவிட்டது. ஜப்பானில் சும்மாவே கடன் வாங்கி அமெரிக்காவில் போட்டால் லாபம் என்றால், யார்தான் யென்னைக் கையில் வைத்திருப்பார்கள்? 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 115 யென். 2024 ஜூலையில் 161ஐத் தாண்டியது. 1986க்குப் பிறகு யென் அவ்வளவு கீழே போனதில்லை. ஜப்பான் அரசு சும்மா இருக்கவில்லை. 2024 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலுமாக 9.79 லட்சம் கோடி யென்னைச் செலவழித்து யென்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. இரண்டே மாதத்தில் யென் அதையும் தாண்டிச் சரிந்தது. அரசாங்கத்தின் கஜானாவுக்கே அடங்காத ஒன்றை, வாட்ஸ்அப் குழுவில் "அடுத்த மாசம் ஏறிடும் பாருங்க" என்று ஆரூடம் சொல்பவரை நம்பி அணுகாதீர்கள்.

ஊருக்குப் பணம் அனுப்பாதவருக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பான் எண்ணெயையும் எரிவாயுவையும் ஏறத்தாழ முழுவதும் வெளியிலிருந்து வாங்கும் நாடு. சாப்பாட்டில்கூட, கலோரிக் கணக்கில் 38 சதவீதம்தான் சொந்த விளைச்சல். யென் இறங்கினால் மின்கட்டணம், கேஸ், கோதுமை மாவு, சமையல் எண்ணெய் எல்லாவற்றிலும் அது வந்து உட்காரும். டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே இந்திய மளிகைக் கடையில் துவரம்பருப்பும் புளியும் கப்பலில் வந்தவை. அவற்றுக்கு வியாபாரி கொடுத்த விலை யென்னில் இல்லை. 2025இல் ஜப்பான் அரிசி ஒரு வருடத்தில் இரட்டிப்பாகி, ஐந்து கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியதே, அதற்கு யென்னைக் குற்றம் சொல்ல முடியாது, அது வெயிலும் விளைச்சலும் பதுக்கலும் கலந்த வேறு கதை. ஆனால் பணம் எடுத்துக் கொடுக்கும் பர்ஸ் ஒன்றுதான். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஜப்பானில் சம்பளம் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று வருடம் கீழே இறங்கியிருக்கிறது. அங்கேயே செலவழித்தாலும் அடி, ஊருக்கு அனுப்பினாலும் அடி.

இவர்களாவது அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். எனக்கு அதிகக் கவலை இனிமேல் கிளம்பப் போகிறவர்களைப் பற்றித்தான்.

2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50 ஆயிரம் திறன் பணியாளர்களை ஜப்பானுக்குக் கொண்டுபோவது அதில் ஒரு பகுதி. நல்ல செய்திதான். நல்ல செய்தி வந்த மறுநாளே அதை விற்பவரும் வந்துவிடுவார். "தம்பி, மாசம் ஒன்னே முக்கால் லட்சம் கைக்கு வரும், ரெண்டு வருஷத்துல வீடு கட்டிடலாம்" என்று அவர் சொல்லும்போது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: மாதச் சம்பளம் 2 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். 2020 ரேட்டில் 1,38,000 ரூபாய். முகவர் அதற்கு மேல் ஓவர்டைமையும் கற்பனையில் சேர்த்துக்கொள்வார். 2025 டிசம்பரின் 57 பைசா ரேட்டில் அதே சம்பளம் 1,14,000 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் 9.15 சதவீதம் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீடும் வருமான வரியும் தனி. சுமார் 1,65,000 யென் கைக்கு வந்தால், ரூபாயில் 94 ஆயிரம். வாடகை, சாப்பாடு, போன் எல்லாம் இதற்குள்தான். இரண்டாவது வருட ஜூனில் இன்னொன்று காத்திருக்கிறது. முந்தைய வருடத்தின் வரிக்குரிய வருமானத்தை வைத்துக் கணக்கிடும் குடியிருப்பு வரி, சுமார் 10 சதவீதம். முதல் வருடம் அது இல்லாததால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்தக் கனவுக்காக அம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு மூன்று லட்சம் புரட்டுகிறார்களே, அங்கேதான் ஆபத்து. கடன் ரூபாயில், வட்டி ரூபாயில், வருமானம் மட்டும் யென்னில். யென் இறங்கினால் கடன் இறங்காது. வாங்கிய கடனை அடைக்க உழைக்க வேண்டிய மாதங்கள்தான் கூடும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பதிவு உண்டா இல்லையா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்திலேயே பார்த்துவிடலாம். கட்டண வரம்புக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு, தங்குமிடம், "பிராசஸிங்" என்று வேறு பெயர் சொல்லி வாங்குவார்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். ரசீது என்ற உடனேயே பாதிப் பேருக்குக் குரல் மாறிவிடும்.

ஐ.டி. கம்பெனியில் 'ஆன்சைட்' போகிறவர்கள் தமக்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். உங்கள் படி எந்த வருட ரேட்டில் நிர்ணயிக்கப்பட்டது, யென் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் திருத்துவார்களா, இந்தியாவில் ஒரு பகுதிச் சம்பளம் ரூபாயிலேயே தொடருமா என்பதை விமானம் ஏறும் முன் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் மேனேஜருக்குக் காது கேட்காது. இன்னொன்று. வேலையை முடித்துத் திரும்பும்போது ஓய்வூதியத்தை மொத்தமாகத் திரும்பப் பெறலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அதுவும் யென்னில்தான் வரும், வரும் நாளின் ரேட்டில்தான் ரூபாயாகும், 20 சதவீதத்துக்குச் சற்று மேல் வரியும் பிடித்திருப்பார்கள். மகள் கல்யாணத்தை அந்தத் தொகையின் மேல் கட்டாதீர்கள்.

ரேட் விழும்போது புற்றீசல் மாதிரிக் கிளம்புபவர்கள் உண்டியல்காரர்கள். "பேங்க் 55 பைசாதான் தருவான், நான் 58 தர்றேன்" என்பார்கள். மூன்று பைசா ஆசையில் ஹவாலாவில் விழாதீர்கள். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் ஜப்பானில் குற்றம், இந்தியாவிலும் அந்நியச் செலாவணிச் சட்டம் சும்மா விடாது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக் கணக்கில் வந்து விழும் பணம் எங்கோ இணைய மோசடியில் திருடிய பணமாக இருந்தால், போலீஸ் முடக்குவது உங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கை. ஊர் திரும்பும்போது "உங்க ஜப்பான் அக்கவுண்ட்டை எனக்கு வித்துடுங்க" என்று கேட்பவரிடமும் சிக்காதீர்கள். அங்கே அதுவும் குற்றம்.

இனி சுற்றுலாக்காரர்கள். யென் மலிந்ததில் உலகமே ஜப்பானில் போய் இறங்கியது. 2024இல் மட்டும் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள். நம்மவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஆனால் "யென் சரிந்தது" என்ற தலைப்புச் செய்தி டாலர்காரர்களுக்கு எழுதியது. 2025 டிசம்பரில் யென் மறுபடியும் டாலருக்கு 155ஐத் தாண்டிச் சரிந்தபோது, அதே மாதத்தில் நம் ரூபாயும் டாலருக்கு 90ஐத் தாண்டியது. இரண்டும் சேர்ந்து இறங்கியதால் ஒரு யென் நமக்கு 57, 58 பைசா. 2024 ஜூலையில் கிடைத்த 52 பைசா எங்கே, இது எங்கே? பயணம் போகிறவர் பார்க்க வேண்டியது யென்-ரூபாய் ரேட்டை மட்டுமே.

அந்த ரேட் ஒரே மாதத்தில் எப்படித் துள்ளும் என்பதை 2024 ஆகஸ்ட் காட்டியது. ஜூலை கடைசியில் ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக ஏற்றியது. ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ பங்குச்சந்தை ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, யென் டாலருக்கு 142 வரை ஏறியது. ஜூலையில் 5 லட்சம் யென் செலவுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போதும் என்று திட்டம் போட்ட குடும்பத்துக்கு, ஆகஸ்ட் முதல் வாரத்தில் 2 லட்சத்து 94 ஆயிரம் தேவைப்பட்டது. தேதி முடிவாகிவிட்டால் ஃபாரெக்ஸ் கார்டில் யென்னை இரண்டு மூன்று தவணையாக ஏற்றி வைப்பது இதற்காகத்தான். உச்சமும் கிடைக்காது, பாதாளமும் வராது.

யென் மலிவு என்று தெரிந்ததும் ஜப்பான்காரர்கள் விலையை ஏற்றாமல் இருப்பார்களா? ஏழு நாள் ஜே.ஆர். ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. 2020 ரேட்டில் சுமார் இருபதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்த பாஸ், யென் அடிமட்டத்தில் இருந்தபோதுகூட ஏறத்தாழ 26 ஆயிரம் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ புல்லட் ரயிலில் போய்வர தனி டிக்கெட்டே ஏறத்தாழ 28 ஆயிரம் யென்தான். அந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் வாங்குவது வீண். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஹிமேஜி கோட்டையில் 2026 மார்ச் முதல் உள்ளூர்வாசிக்கு 1,000 யென், மற்றவர்களுக்கு 2,500. நாட்டை விட்டுக் கிளம்பும்போது டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் வரி 1,000 யென்னிலிருந்து 2026 ஜூலை முதல் 3,000. கடைகளில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அங்கேயே கழித்துக்கொண்டிருந்த 10 சதவீத விற்பனை வரியையும், 2026 நவம்பர் முதல் முழுசாகக் கட்டிவிட்டுக் கிளம்பும்போதுதான் திரும்பப் பெற முடியும்.

கார்டு தேய்க்கும்போது ஒரு கேள்வி வரும்: "இந்திய ரூபாயிலா, யென்னிலா?" ரூபாய் என்று பார்த்ததும் மனசு அங்கே ஓடும். ஓட விடாதீர்கள். ரூபாயைத் தொட்டால், அந்த மெஷின் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடும், அதற்கும் மேல் நம் ஊர் வங்கிகளில் சில தனிக்கட்டணமும் பிடிக்கும். யென்னைத் தொடுங்கள். சாதாரண கிரெடிட் கார்டு என்றால் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். சில்லறையை அங்கேயே தீர்த்துவிடுங்கள். 500 யென் நாணயம் ஒன்றே 280 ரூபாய்க்கு மேல் பெறும், ஆனால் சென்னையில் நாணயங்களை எந்தப் பணமாற்றுக்காரரும் தொட மாட்டார்.

அங்கே சம்பாதிப்பவர்களுக்குக் கடைசியாக. இ.எம்.ஐ., அப்பாவின் மருந்து, பிள்ளைகளின் ஃபீஸ் போன்ற தள்ளிப்போட முடியாதவற்றுக்கு மாதாமாதம் அனுப்பிவிடுங்கள், ரேட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். மிச்சம் இருப்பதை மட்டும் காத்திருந்து அனுப்பலாம். நாணய மாற்றில் வர்த்தகம் செய்து நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று அழைக்கும் ஆப்களில் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாதவை ஏராளம். 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி அப்படிப்பட்டவற்றின் எச்சரிக்கைப் பட்டியலையே வெளியிட்டுவருகிறது, அதில் பெயரைத் தேடிப் பாருங்கள். புதிதாகக் கிளம்புகிறவர்கள், பிடித்தம் போகக் கைக்கு எத்தனை யென் வரும் என்பதை ஒப்பந்தத்தில் யென்னிலேயே எழுதி வாங்குங்கள். ரூபாயில் அது எவ்வளவு என்பதை அன்றைய ரேட்டில் நீங்களே பெருக்கிப் பாருங்கள், அதிலும் ஒரு பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டு வீட்டில் பேசுங்கள். அந்தத் தொகையில் கடன் அடையாது என்று தெரிந்தால் நகையைப் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள்.