மனநோய் மறைக்க வேண்டிய குறை அன்று

அல் குசைஸில் ஒரே அறையில் தங்கியிருப்போரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால், மற்றவர்கள் அவருக்கு மாத்திரையை நினைவூட்டுவார்கள். அவரே வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, பேச்சற்று இருந்தால் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை. வேலை போய்விடுமோ, ஊரில் தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைபடுமோ என்னும் அச்சமே வாயை அடைக்கிறது.

இது அரிதான நோயன்று

உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்ததாக 2019ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு கூறுகிறது. மனச்சோர்வும் பதற்றநோயும் அவற்றுள் மிகப் பரவலானவை. உடற்கூறு, வாழ்க்கைச் சூழல், கடன் சுமை, பிரிவு எனப் பல காரணங்கள் சேர்ந்து இவற்றை உண்டாக்குகின்றன. சோம்பலோ மன உறுதிக் குறைவோ இவற்றுக்குக் காரணம் அன்று. ஆலோசனையாலும் மருந்தாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

ஏர்வாடி தந்த பாடம்

நோயாளியை ஒதுக்கி வைப்பதன் கேட்டைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே, தொழுகையோடு மருந்தும் கிடைக்கும் வகையில் மருத்துவ உதவி தொடங்கப்பட்டது. இறைநம்பிக்கையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று தடையல்ல என்பதற்கு அது சான்று.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2023ஆம் ஆண்டு 10ஆம் எண் கூட்டாட்சி மனநலச் சட்டம், 1981ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது. நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. சிறப்பு மருத்துவக் குழுவின் அறிக்கையின்றி, மனநோயைக் காரணம் காட்டி ஒருவரின் பணியில் கட்டுப்பாடு விதிக்கவோ அவரைப் பணிநீக்கம் செய்யவோ இடமில்லை. எனவே, வேலைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

உடனிருப்போர் செய்யத்தக்கவை

சோர்வு, உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். அதுவரை உடனிருப்போர் அவரைத் தனியே அழைத்துப் பொறுமையாகக் கேட்பது நன்று. ‘பைத்தியம்’ என்ற சொல்லையும், ‘எல்லாருக்கும் கவலை உண்டு’ என்று தட்டிக் கழிப்பதையும் தவிர்க்க வேண்டும். சாவைப் பற்றி அவர் பேசினால், ‘உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடலாகாது.

உதவி பெற

முதலில், காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பார்க்கலாம். தேவையெனில் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். துபாயில் ராஷித் மருத்துவமனையிலும் அல் அமல் மனநல மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இந்தியத் தொழிலாளர்கள், இந்தியத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 80046342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். ஊரிலுள்ள குடும்பத்தினருக்கு, இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 ஆகிய எண்கள் உள்ளன. உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 998, காவல்துறைக்கு 999.