பாதி வீட்டை வாடகைக்கு விடலாமா?

மகள் பிரசவத்துக்காக லண்டன் போய் வரும் அம்மாக்கள் இப்போது நம்மிடையே ஏராளம். அங்கே உள்ள குளிரைப் பற்றியும் பத்தியச் சமையலுக்குப் பட்ட பாட்டைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நான் சொல்லப் போவது வீட்டு விஷயம். உங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் "அங்கே வீடு வாங்கிட்டோம்" என்று சொன்னால், முழு வீடா, பங்கு வீடா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

பங்கு வீடு என்றால் அண்ணன் தம்பி பாகம் இல்லை. இங்கிலாந்தில் 'ஷேர்டு ஓனர்ஷிப்' என்று ஒரு ஏற்பாடு பல வருஷங்களாக இருக்கிறது. வீட்டின் ஒரு பங்கை மட்டும் நாம் வாங்கிக்கொண்டு, மீதிப் பங்குக்கு வீட்டுச் சங்கத்துக்கு வாடகை கட்ட வேண்டும். குறைந்தது கால் பங்காவது வாங்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2021-ல் வந்த புதிய விதிப்படி பத்து சதவிகிதம் வாங்கினாலும் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 3,00,000 பவுண்டு. நாற்பது சதவிகிதம் வாங்கினால் நம் பங்கு 1,20,000. அதற்குத்தான் வங்கிக் கடன். மீதி 1,80,000-க்கு வருஷத்துக்கு 2.75 சதவிகிதம் வாடகை என்றால் 4,950 பவுண்டு, அதாவது மாதம் 412 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வருஷா வருஷம் இது ஏறும். இதற்கு மேல் கட்டடப் பராமரிப்புக்கு 'சர்வீஸ் சார்ஜ்' வேறு. அதில் மட்டும் நாற்பது சதவிகிதம் கிடையாது, முழுசாக நாமே கட்ட வேண்டும்! பங்கு நாற்பது, பராமரிப்பு நூறு என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

என் பெண் வாங்கியிருப்பது இப்படி ஒரு ஃபிளாட்தான், கிழக்கு லண்டனில். பேரனுக்கு ஐந்து மாதம் ஆனபோது கோயம்புத்தூரில் சம்பந்தியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவருக்கு மாப்பிள்ளை ஒரே பிள்ளை. அவருடைய ஆபீஸில் ஒரு வருஷம் இந்தியாவில் இருந்து வேலை பார்க்க ஒப்புக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு எல்லாரும் கிளம்புவது என்று முடிவாயிற்று. வீட்டை என்ன செய்வது?

"பூட்டி வைப்பானேன்? வாடகைக்கு விட்டுட்டு வாங்க. லண்டன் வாடகையில கடனும் அடையும், கையிலயும் நாலு காசு நிக்கும்" என்றார் ஃபோனில் மாப்பிள்ளையின் மாமா. நம் ஊரில் இது நியாயமான பேச்சுதான்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். பத்திரத்தைப் படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. "அம்மா, அறுபது பக்கம்!" என்று பெண் அலறினாள். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து இரண்டு நாளில் முடித்தோம். வீட்டை உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரே வரியில் தெளிவாகப் போட்டிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. சொந்தமாக முழு வீடு வாங்க முடியாதவர்கள் குடியிருப்பதற்காகப் பொதுப்பணம் போட்டு உண்டாக்கிய வீடுகள் இவை. குடும்ப வருமானம் லண்டனில் 90,000 பவுண்டுக்கும், இங்கிலாந்தின் மற்ற இடங்களில் 80,000-க்கும் மேல் போனால் விண்ணப்பிக்கவே முடியாது. அப்படி வாங்கியதை வைத்து வாடகை வியாபாரம் செய்யக்கூடாது என்கிறார்கள். பராமரிப்புச் செலவில் எனக்குள்ள கோபம் இந்த விதியின்மேல் இல்லை.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒழுகிக் கீழ் வீட்டின் கூரை நனைந்தது. பார்க்க வந்த சங்கத்து ஆள் கதவைத் திறந்தவரிடம் பெயர் கேட்டார். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது. பத்திரத்தை மீறியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, கடன் கொடுத்த வங்கியும் விளக்கம் கேட்டது. எனக்குப் பாவமாக இருந்தது அந்த வாடகைக் குடும்பத்தைப் பார்த்துத்தான். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, பருவத்தின் நடுவில் வீடு தேடி அலைந்தார்கள். பத்திரத்தை மீறினால் வழக்கு நீதிமன்றம் வரை போகலாம், வாங்கிய பங்குக்கே ஆபத்து வரலாம்.

ஆனால் 'கூடாது' என்று எழுதியிருப்பதாலேயே கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை. ராணுவப் பணியில் வெளியூர் போகிறவர்களுக்கு அனுமதி கிடைப்பதுண்டு. 2017-ல் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்தில் 72 பேர் மாண்ட பிறகு, வெளிச்சுவர்ப் பூச்சுப் பிரச்சினையால் வீட்டை விற்கவே முடியாமல் தவித்தவர்களுக்கும் சங்கங்கள் அனுமதி தந்திருக்கின்றன. உறவினர் நோய்க்காகக் கேட்டால் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக யோசித்து முடிவு செய்யும்.

மாப்பிள்ளை கடிதம் எழுதினார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிச் சான்று, ஆபீஸ் கடிதம், திரும்பி வரும் தேதி எல்லாவற்றையும் இணைத்தார். ஏழு வாரம் பதிலே இல்லை. பெண் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். ஒரு வழியாக ஒரு வருஷத்துக்கு அனுமதி வந்தது. வாடகை நம் மாதச் செலவைத் தாண்டக் கூடாது, லாபம் கூடாது என்பது நிபந்தனை. மாமா சொன்ன 'நாலு காசு' அங்கேயே போயிற்று!

சங்கம் சரி என்றால் மட்டும் போதாது. கடன் கொடுத்த வங்கியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்ல வேண்டும். குடி வருகிறவருக்கு அந்த நாட்டில் வீடு வாடகைக்கு எடுக்கும் உரிமை உண்டா என்று சரிபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. முன்பணத்தை முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த வைப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். காஸ் இணைப்பு உள்ள வீடானால் வருஷம் ஒரு முறை பரிசோதனைச் சான்று. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், முன்கூட்டி வரி அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்காவிட்டால் ஏஜென்ட் வாடகையில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். பலர் தடுமாறும் இடம் இது.

வீட்டை விட்டுப் போகாமல், செலவு கட்டுப்படியாகவில்லை என்று தவிக்கும் இளம் தாய்மார்களுக்கு வேறு வழி இருக்கிறது. நாமும் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் ஒருவருக்குக் கொடுப்பதை, அதாவது 'லாட்ஜர்' வைப்பதை, பெரும்பாலான பத்திரங்கள் தடுப்பதில்லை. சங்கத்தைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. சாமான்களோடு தரும் அறைக்கு வருஷத்தில் 7,500 பவுண்டு வரை வரியும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்நியரை வைப்பதா என்பது அவரவர் மனசு. என் பெண் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இப்போது அந்த ஃபிளாட்டில் ஒரு நர்ஸும் அவர் கணவரும் இருக்கிறார்கள். சம்பந்தியம்மா கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார், பேரன் அவர் பின்னாலேயே தவழ்கிறான். டாக்டர் இன்னும் இரண்டு மாதம் கூடவே இருக்கச் சொன்னால் அனுமதியை நீட்டிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கெடு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கே ஏழு வாரம் ஆயிற்றே!