வார்டுக்கு வரும் இளம் மருத்துவர் யார்?

“பெரிய டாக்டர் எப்போது வருவார்?” இளம் மருத்துவரைக் கண்டதும் தாமல் முதலிய ஊர்களிலிருந்து வரும் குடும்பத்தினர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. அதிலுள்ள அச்சத்தை நாங்கள் அறிவோம்.

இவர்கள் 5½ ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, பதிவு பெற்ற மருத்துவர்கள். இப்போது 3 ஆண்டு முதுநிலைப் பயிற்சியில் இருக்கின்றனர். அப்பயிற்சியில் 3 மாதங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதி. முற்காலத்தில் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்றமையால் ‘உறைவிட மருத்துவர்’ எனப் பெயர் பெற்றனர். இன்றும் இரவில் உங்கள் அருகில் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் இவரே. இவர் கண்டறிந்ததை மூத்த மருத்துவர் சரிபார்த்து, சிகிச்சையை முடிவு செய்கிறார்.

கேட்டதையே மீண்டும் கேட்டால் சலிப்படைய வேண்டா. இடையில் நிறுத்திய சர்க்கரை மாத்திரை, வீட்டில் கொடுத்த நாட்டு மருந்து ஆகியவை பல நேரங்களில் இரண்டாம் முறை கேட்கும்போதே வெளிப்படுகின்றன. அந்த ஒரு செய்தி சிகிச்சையையே மாற்றக்கூடும்.

இவரது பெயரைக் கேளுங்கள். எந்தச் சிகிச்சைக்கும் முன் விளக்கம் கேளுங்கள். ஐயம் தீராவிடில் மூத்த மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. புதிதாக வரும் இவர்களை எம்மோடு சேர்ந்து நீங்களும் வரவேற்பீர்களாக.